நியூயார்க்கா, ஓக்லாந்தா? 2014 மே மாதம் ஸ்டீவ் கெர் முன்னால் இருந்த நாற்காலிகள்

2014 மே மாதம், முதல் இரண்டு வாரம். ஸ்டீவ் கெருக்கு அப்போது 48 வயது. டிஎன்டி தொலைக்காட்சியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆட்டங்களுக்கு வர்ணனை செய்துகொண்டிருக்கிறார். நல்ல வேலை, நல்ல பெயர். அந்த நேரம் பார்த்து இரண்டு அணிகள் தலைமைப் பயிற்சியாளராக வரச் சொல்லிக் கூப்பிடுகின்றன. ஒன்று நியூயார்க் நிக்ஸ். கூப்பிடுபவர் பில் ஜாக்சன், கெர் எந்த மனிதருக்குக் கீழே ஆடி மூன்று கோப்பை வாங்கினாரோ அவரே. இன்னொன்று ஓக்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். கெர் அதுவரை ஒரு பள்ளி அணிக்குக்கூடப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

பிறகு நடந்தது கூடைப்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்: கெர் வாரியர்ஸுக்குப் போனார், அந்த அணி நான்கு கோப்பை வாங்கியது. அதனாலேயே இதைப் பற்றிப் பேச்செடுத்தால் "ஸ்டீஃபன் கரி இருக்கிற அணியை விட்டுவிட்டு யாராவது வேறு இடத்துக்குப் போவார்களா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மே மாதத்தில் கரி ஒருமுறைகூட சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது வாங்கியிருக்கவில்லை. கணுக்கால் தொல்லைக்குப் பெயர்போன, 26 வயதான ஒரு அற்புதமான ஷூட்டர், அவ்வளவுதான். வாரியர்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1975இல். கெர் அன்று என்னென்னவற்றை எடைபோட வேண்டியிருந்தது என்பதை அந்த இரண்டு வாரத்துக்குள் போய் நின்று பார்த்தால்தான், அவர் எடுத்தது எவ்வளவு கடினமான, எவ்வளவு தெளிவான முடிவு என்பது புரியும். விளையாட்டை விட்ட பிறகு என்ன செய்வது என்று யோசிக்கிற எந்த ஆட்டக்காரருக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இந்த ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

கெர் பிறந்தது பெய்ரூத்தில். அப்பா மால்கம் கெர் மத்தியக் கிழக்கு ஆய்வாளர், பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1984 ஜனவரி 18ஆம் தேதி, அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஸ்டீவுக்கு வயது 18. நான்கு ஆண்டு கழித்து, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 50ஆவது ஆளாக அவரை ஃபீனிக்ஸ் எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் காணாமல் போய்விடுவார்கள். கெர் 15 சீசன் ஆடினார். சிகாகோவோடு 1996, 97, 98, சான் அன்டோனியோவோடு 1999, 2003 என்று ஐந்து கோப்பைகள். மூன்று புள்ளி எறிதலில் வாழ்நாள் சராசரி 45.4 சதவீதம். என்பிஏ வரலாற்றில் அதைத் தாண்டியவர் இல்லை.

ஆனால் என் கண் நிற்பது வேறொரு எண்ணில். அவர் ஆடியது 910 ஆட்டங்கள். அவற்றில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30. மீதி 880 ஆட்டங்களிலும் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். எதிரணிக்காரன் எந்தப் பக்கம் சாய்கிறான், யாருக்குக் களைப்பு, யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான் என்றெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்த 880 இரவுகள். அவர் உட்கார்ந்த பெஞ்சுகளில் பக்கத்தில் நின்றவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. கிளீவ்லாண்டில் லென்னி வில்கன்ஸ், சிகாகோவில் பில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் பாப்பவிச்.

1997 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 86க்கு 86. டைம் அவுட்டில் மைக்கேல் ஜோர்டன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, ஜான் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்மேல் வந்து விழுவான் என்று கெரிடம் சொல்கிறார். தயாராக இருப்பேன் என்கிறார் கெர். அப்படியே நடந்தது. ஐந்து வினாடி மிச்சமிருக்க, பதினேழு அடி தூரத்திலிருந்து எறிந்த பந்து வலையில் விழுந்தது. கோப்பை சிகாகோவுக்கு. ஜோர்டனிடமிருந்து பந்து வரும் என்பதற்காகத் தயாராக நிற்பது ஒரு வேலை. அந்தப் பந்து ஏன் தன்னிடம் வரும் என்று புரிந்துவைத்திருப்பது இன்னொரு வேலை. கெர் இரண்டையும் செய்தவர்.

உட்கார்ந்து பார்த்துவிட்ட நாற்காலிகள்

2003இல் ஓய்வு பெற்றதும் நேரே டிஎன்டிக்குப் போனார். வர்ணனை நாற்காலி வசதியானது. வீடு சான் டியாகோவில். வாரத்தில் சில நாள் பயணம். தோற்றால் வேலை போகாது, ஜெயித்தால் தூக்கம் கெடாது. மார்வ் ஆல்பர்ட் போன்ற ஒரு ஜாம்பவான் பக்கத்தில் உட்கார்ந்து நாட்டின் சிறந்த ஆட்டங்களைப் பார்க்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. வர்ணனையாளருக்கு எல்லா அணிகளின் பயிற்சிக்கூடக் கதவும் திறக்கும். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்கு அது சம்பளத்தோடு கிடைக்கிற படிப்பு. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கெர் 2007இல் எழுந்தார். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு ஜெனரல் மேனேஜராகப் போனார். ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் தேர்ந்தெடுக்கிற நிர்வாக வேலை அது. மூன்று ஆண்டு. 2014 முடிவின் வேர் இந்த மூன்று ஆண்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த அணி பயிற்சியாளர் மைக் டான்டோனியின் அணி. ஸ்டீவ் நாஷ் பந்தைப் பிடித்தால் ஓட்டம்தான். எதிரணி மூச்சு வாங்குவதற்குள் எறிந்துவிடுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கோப்பை வரவில்லை. டிஃபென்ஸ் வேண்டும், உயரம் வேண்டும் என்று மேலே இருந்த கெருக்குத் தோன்றியது. 2008 பிப்ரவரியில் ஷான் மேரியனைக் கொடுத்துவிட்டு, 36 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஷகீல் ஓ'நீலை வாங்கினார். ஓடுகிற அணிக்கு நடக்கிற மலை. முதல் சுற்றிலேயே தோற்றார்கள். மேலே இருப்பவர் விரும்புகிற ஆட்டம் ஒன்று, தனக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்று என்றான பிறகு டான்டோனி கிளம்பிவிட்டார். எங்கே போனார் தெரியுமா? நியூயார்க் நிக்ஸுக்கு.

அடுத்து டெர்ரி போர்ட்டரைக் கொண்டுவந்தார் கெர். நிதானமாக ஆடு, அரைக்களத்தில் ஆடு என்ற திட்டம். 51 ஆட்டத்தில் போர்ட்டரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்த ஆல்வின் ஜென்ட்ரியிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஜென்ட்ரி அணியை மறுபடி ஓடவிட்டார். அடுத்த சீசனில் 54 வெற்றி, மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று வரை போனார்கள். அதோடு கெர் விலகி, 2010இல் மறுபடி டிஎன்டிக்கே வந்துவிட்டார்.

இதில் கெர் பார்த்தது என்ன? ஆட்டக்காரர்களுக்கு இயல்பாக ஒரு ஆட்டம் இருக்கிறது. மாடியில், அதாவது நிர்வாகத்தில், இருப்பவர் மனதில் ஒரு ஆட்டம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறாகிவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது பயிற்சியாளர். அதை அவர் மாடியில் இருந்து பார்த்தார். நசுக்கிய கை தன்னுடையதுதான் என்பதும் அவருக்குத் தெரியும். பின்னாளில் அந்தத் தவறுகளைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

டிஎன்டிக்குத் திரும்பிய பிறகு இன்னொன்றும் நடந்தது. பயிற்சியாளர் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் தோன்றுவதையெல்லாம் எழுதிவை என்று முன்னாள் என்பிஏ பயிற்சியாளர் ஜெஃப் வான் கண்டி அவருக்கு யோசனை சொன்னார். கெர் எழுத ஆரம்பித்தார். பிடித்த பிளேக்கள் (ஆட்டத் திட்டங்கள்), பயிற்சி நாளை எப்படிப் பிரிப்பது, உதவியாளர்களாக யார் யார், வீரர்களின் தூக்கம், சாப்பாடு என்று எல்லாமே மடிக்கணினிக்குள் போயின. வர்ணனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மனது பெஞ்சுக்குப் போய்விட்டது. அதனால் 2014இல் "டிஎன்டியிலேயே இருந்துவிடலாம்" என்ற வழி அவருக்குப் பெயரளவில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

நியூயார்க் பக்கம் இருந்த நியாயங்கள்

நிக்ஸைக் கேலி செய்வது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை, ஏனென்றால் அந்த அழைப்புக்கு உண்மையிலேயே கனம் இருந்தது.

2014 மார்ச்சில்தான் பில் ஜாக்சன் நிக்ஸின் நிர்வாகத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். பயிற்சியாளராக 11 கோப்பை வாங்கியவர். ஆட்டக்காரராக நிக்ஸின் 1973 அணியில் இருந்தவர். அவர் முதலில் நினைத்த பெயர் கெர். அனுபவமே இல்லாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய நிழல் கிடைக்காது. பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்றாலும் பத்திரிகைகள் ஜாக்சனைத் தாண்டித்தான் கெரிடம் வர வேண்டும்.

ஜாக்சனின் முக்கோண ஆட்ட முறை கெருக்கு மனப்பாடம். புதிதாக ஒன்றையும் படிக்க வேண்டாம். எதிர்பார்ப்பும் குறைவு. முந்தைய சீசனில் நிக்ஸ் 37 வெற்றி, 45 தோல்வி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. 45 வெற்றி எடுத்தாலே நகரம் தோளில் தூக்கிவைத்துக்கொள்ளும். அது மேடிசன் ஸ்கொயர் கார்டன் வேறு. கூடைப்பந்து ஆடியவர்களில் அந்த அரங்கத்தின் பெயரைக் கேட்டால் உடம்பு சிலிர்க்காதவர்கள் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேல், கெர் ஏறக்குறைய சம்மதம் சொல்லிவிட்டார். வாரியர்ஸில் இடம் காலியாவதற்கு முன்பே, வருகிறேன் என்கிற மாதிரி ஜாக்சனிடம் வாய்வார்த்தை கொடுத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சரி, எதிர்ப்பக்கம் என்ன இருந்தது?

பணக்கணக்கு முதலில். அடுத்த சீசனில் அமாரே ஸ்டாடமயருக்கு மட்டும் 23 மில்லியன் டாலருக்கு மேல் போக வேண்டும். முழங்கால்கள் தேய்ந்துபோன ஸ்டாடமயர். ஆந்த்ரேயா பர்ன்யானிக்கு 11 மில்லியனுக்கு மேல். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் இப்படி இரண்டு ஒப்பந்தம் இருந்தால் புதிதாக ஆள் எடுக்க வழியே இல்லை. டிராஃப்டிலும் கை காலி. 2014இன் முதல் சுற்று வாய்ப்பு நட்சத்திர ஆட்டக்காரர் கார்மெலோ ஆந்தனியை வாங்கும்போதே போய்விட்டது. 2016இன் வாய்ப்பு பர்ன்யானியை வாங்கும்போது போனது. ஆந்தனியோ அந்தக் கோடையில் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரப்போகிறவர். இருப்பாரா, போவாரா என்பது மே மாதத்தில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அவருக்கு 30 வயது ஆகிறது. பந்தைக் கையில் வைத்துத் தட்டித் தட்டி, எதிராளியை ஒற்றைக்கு ஒற்றை ஜெயிப்பது அவர் பாணி. முக்கோணமோ பந்து கை மாறிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடிருக்கும்.

இங்கேதான் ஃபீனிக்ஸ் நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் ஆட்ட முறையைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். தேர்ந்தெடுத்தவர் மாடியில் இருக்கிறார். அவர் அன்பானவர், ஆசான், நல்லதே நினைப்பவர். இருந்தாலும் மாடியில் இருப்பவர். பாப்பவிச்சிடம் கற்றது, நாஷின் ஓட்டத்தைப் பார்த்துக் கற்றது, மடிக்கணினியில் இரண்டு மூன்று ஆண்டாக எழுதிச் சேர்த்தது எல்லாவற்றையும் அந்த முக்கோணத்துக்குள் அடக்க வேண்டும். அடக்க முடியாத அன்று என்ன நடக்கும் என்று கெருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓக்லாந்தில் இருந்த ஆபத்து

வாரியர்ஸ் மே 6ஆம் தேதி தன் பயிற்சியாளர் மார்க் ஜாக்சனை (பில் ஜாக்சன் வேறு, இவர் வேறு) வேலையைவிட்டு அனுப்பியது. 51 வெற்றி எடுத்த பயிற்சியாளரை! முதல் சுற்றில் கிளிப்பர்ஸிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்று மூன்றே நாளில். மூன்று ஆண்டுக்கு முன் அவர் கைக்கு வந்தது ஒன்றுக்கும் உதவாத அணி. அதை 23, 47, 51 என்று ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர். கரி அவருக்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசியிருந்தார். ஆக, புதிதாக வருகிறவர், வீரர்கள் நேசித்த ஒருவரின் நாற்காலியில் உட்கார வேண்டும். 50 வெற்றி எடுத்தால் "இதற்காகவா அவரை அனுப்பினீர்கள்?" என்பார்கள். உரிமையாளர் ஜோ லேக்கப் பொறுமைக்குப் பெயர் பெற்றவர் இல்லை. முதல்முறைப் பயிற்சியாளருக்கு இது கத்திமேல் நடக்கிற வேலை. நிக்ஸோடு ஒப்பிட்டால், வேலை போகிற ஆபத்து ஓக்லாந்தில்தான் அதிகம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ஆனால் அணியைப் பாருங்கள். கரிக்கு 26 வயது. கிளே தாம்சனுக்கு 24. இரண்டாம் சுற்றில் 35ஆவதாக எடுக்கப்பட்டு, பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த டிரேமண்ட் கிரீனுக்கும் 24. ஹாரிசன் பார்ன்ஸுக்கு 22 நிரம்பவில்லை. கணுக்கால் பயத்தில் கரி நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலருக்கே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தரத்து ஆட்டக்காரருக்கு அது அடிமாட்டு விலை. நடுவில் ஆண்ட்ரூ போகட், ஓரத்தில் ஆண்ட்ரே இக்குடாலா. மார்க் ஜாக்சன் விட்டுப்போன சொத்தும் ஒன்று உண்டு: லீக்கின் முதல் ஐந்துக்குள் இருந்த டிஃபென்ஸ்.

குறை எங்கே என்பது வர்ணனை நாற்காலியிலிருந்தே தெரிந்திருக்கும். அந்த சீசனில் என்பிஏவிலேயே மிகக் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி வாரியர்ஸ்தான். உலகின் மிகச் சிறந்த இரண்டு ஷூட்டர்களை வைத்துக்கொண்டு, பந்தை ஓடவிடாமல் ஒரே பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நோய் ஒன்றுதான், மருந்தும் கெரின் மடிக்கணினியில் இருந்தது. முப்பது அணிகளில் எந்த அணிக்கு நான் எழுதிவைத்தது பொருந்தும் என்று தேடினால் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது. நியூயார்க்கில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஓக்லாந்தில் அடித்தளமும் சுவரும் நிற்கின்றன, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

மாடியில் யார் யார்? ஜெனரல் மேனேஜர் பாப் மையர்ஸ். நிர்வாகத் தலைவர் ரிக் வெல்ட்ஸ், ஃபீனிக்ஸிலேயே கெரோடு வேலை பார்த்தவர். ஆலோசகராக ஜெர்ரி வெஸ்ட். இவர்களில் யாரும் "இந்த ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும்" என்று சொல்லவில்லை. மாறாக, உன்னிடம் என்ன இருக்கிறது, காட்டு என்றார்கள். பிளேஆஃப் வர்ணனைக்காக கெர் ஓக்லஹோமா சிட்டியில் இருந்தபோது அங்கேயே வந்து சந்தித்தார்கள். மடிக்கணினியைத் திறந்து காட்டினார் அவர். ஐந்து ஆண்டு, 25 மில்லியன் டாலர் என்று மே 14ஆம் தேதி பேச்சு முடிந்தது.

குடும்பக் கணக்கை வெறும் துணைக் காரணம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மகள் பெர்க்லியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். ஓக்லாந்து அரங்கத்திலிருந்து அது காரில் போய்வருகிற தூரம். மூத்த மகன் சான் டியாகோவில் கல்லூரி அணியில். கடைசி மகனுக்கு இன்னும் பள்ளிப்படிப்பே முடியவில்லை. ஓக்லாந்திலிருந்து சான் டியாகோவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிடலாம். நியூயார்க் என்றால் கண்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. அக்டோபர் தொடங்கி 82 ஆட்டம், அதில் பாதி வெளியூர். வீட்டுக்குப் போக முடிகிற ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அது முதல் காரணமாகவே ஆகிவிடும். பதினெட்டு வயதில் அப்பாவை இழந்தவர் இந்தக் கணக்கைப் போடும்போது கூடுதல் அழுத்தத்தோடு போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே மே 14ஆம் தேதி இன்னொருவரும் ஒரு முடிவை எடுத்தார். வாரியர்ஸ் மனதில் இருந்த மற்றொரு பெயரான ஸ்டான் வான் கண்டி, டெட்ராய்ட்டுக்குப் போனார். அங்கே அவருக்குப் பயிற்சியாளர், மாடி இரண்டும் சேர்த்துக் கிடைத்தன. மேலே யாரும் வேண்டாம், நானே மேலும் கீழும் என்கிற வழி. நான்கு சீசனில் ஒரே ஒருமுறை பிளேஆஃப், அதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மாடியோடு சண்டை வராதுதான். ஆனால் நீ தப்பு செய்கிறாய் என்று சொல்லவும் ஆளில்லாமல் போகிறது.

ஆசானிடம் மாட்டேன் என்று சொல்வது

இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான்: கொடுத்த வார்த்தை.

வார்த்தை தவறுவதை நான் லேசாக எடுத்துக்கொள்பவன் இல்லை. கெரும் அப்படிப்பட்டவர் இல்லை. பில் ஜாக்சனிடம் வர முடியாது என்று சொன்னதுதான் அதில் தனக்கு மிகவும் வேதனையான பகுதி என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நன்றிக்கடனையும் ஐந்து ஆண்டு வேலையையும் ஒரே தராசில் வைப்பது கொடுமை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஜாக்சனுக்கு கெர் பட்டிருந்த கடன் உண்மையானது. அதைத் தீர்க்க வழி, தனக்குப் பொருந்தாது என்று மனதுக்குத் தெரிந்த வேலைக்குப் போய் இரண்டு ஆண்டில் இருவரும் முகம் பார்க்க முடியாத நிலைக்கு வருவதா? கையெழுத்துக்கு முன்னால், நேரடியாக, தானே கூப்பிட்டுச் சொன்னார். அதைத் தாண்டி ஒரு சீடன் ஆசானுக்குச் செய்ய வேண்டியது எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜாக்சன் அடுத்து டெரெக் ஃபிஷரை எடுத்தார். அவரும் ஜாக்சனின் பழைய ஆட்டக்காரர், ஐந்து கோப்பை வாங்கியவர், முக்கோணம் தெரிந்தவர். ஒப்பந்தமும் அதேபோல ஐந்து ஆண்டு, 25 மில்லியன் என்றே செய்தி வந்தது. ஆடுவதை நிறுத்திச் சில நாட்களே ஆகியிருந்தன. முதல் சீசன் 17 வெற்றி, 65 தோல்வி. நிக்ஸ் வரலாற்றிலேயே மோசமான சீசன். இரண்டாவது சீசன் முடிவதற்குள் ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள். 2017இல் ஜாக்சனும் போய்விட்டார். இதை வைத்து ஃபிஷருக்குத் திறமை இல்லை என்று சொல்வது அநியாயம். அந்த அணியை யார் கையில் கொடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. கெர் போயிருந்தால் 17க்குப் பதில் 27 வந்திருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி டிஎன்டியில் மைக்கைப் பிடித்திருப்பார் என்பது என் கணிப்பு.

வாரியர்ஸில் என்ன ஆனது என்பதை நீட்ட வேண்டியதில்லை. 67 வெற்றி, 40 ஆண்டுக்குப் பிறகு கோப்பை. அப்புறம் 2017, 2018, 2022. எண்களைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்த முதல் கோடையில் அவர் செய்தவை. பயிற்சி முகாம் தொடங்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வீரரையும் தேடிப் போனார். போகட்டைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்கே போனார். மார்க் ஜாக்சன் கட்டிய டிஃபென்ஸைக் கலைக்கவில்லை, அதைப் பாராட்டியே பேசினார். சியாட்டிலில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பீட் கேரலிடம் போய் உட்கார்ந்து, பிளேக்களுக்கு அப்பால் பயிற்சி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டார். ஃபீனிக்ஸில் தன் ஓட்ட அணியைக் காப்பாற்றிக் கொடுத்த ஆல்வின் ஜென்ட்ரியைக் கூப்பிட்டுத் தாக்குதல் ஆட்டத்தை ஒப்படைத்தார். கிளே தாம்சனைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து கெவின் லவ்வை வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஜெர்ரி வெஸ்ட் கடுமையாக எதிர்த்தார். கெரும் வேண்டாம் என்றார். மாடி கேட்டுக்கொண்டது. பந்து கைமாறுவது ஓர் ஆட்டத்துக்கு 300ஐத் தாண்டியது.

2015 இறுதிப்போட்டி. எதிரே லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட். ஜனவரியில் நிக்ஸ் கைகழுவிவிட்ட ஜே.ஆர். ஸ்மித்தும் இமான் ஷம்பர்ட்டும் அங்கேதான் இருந்தார்கள். கிளீவ்லாண்டின் பெஞ்சில் பயிற்சியாளராக டேவிட் பிளாட். ஒரு வருடத்துக்கு முன் கெரிடம் உதவியாளராகச் சேருவதாக இருந்தவர். மூன்று ஆட்டம் முடிந்தபோது வாரியர்ஸ் 1க்கு 2 என்று பின்தங்கியிருந்தது. இங்கே நமக்கு அந்த ஆட்டங்கள் காலை ஆறரை மணிக்கு. காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த காலைகள் அவை.

மூன்றாவது ஆட்டத்துக்கும் நான்காவது ஆட்டத்துக்கும் இடையில் ஓர் இரவு, அணியில் வீடியோ வேலை பார்த்துக்கொண்டிருந்த நிக் யூரன் என்ற 28 வயது இளைஞர் தூங்கவில்லை. முந்தைய ஆண்டு சான் அன்டோனியோ ஆடிய இறுதிப்போட்டியின் பதிவுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான நடுவரிசை ஆளை எடுத்துவிட்டு, சிறிய அணியாக இறங்கினால் என்ன என்று தோன்றியது. போகட்டுக்குப் பதில், அந்த சீசனில் ஒரு ஆட்டத்திலும் தொடக்கத்தில் இறங்காத இக்குடாலா. விடியற்காலை மூன்று மணி வாக்கில் கெருக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் உதவியாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கெர் சரி என்றார்.

நான்காவது ஆட்டம் 103க்கு 82. அதற்குப் பிறகு கிளீவ்லாண்ட் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருது இக்குடாலாவுக்குப் போனது. நான்காவது ஆட்டம் முடிந்ததும் இந்த மாற்றம் யார் யோசனை என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் நிக் யூரனின் பெயரைச் சொன்னார் கெர்.